0.5 எக்ஸ் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி



இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி இல்ல. கேமரா லென்ஸ் பத்தி. குறிப்பா உங்க மொபைல்ல 0.5 எக்ஸ்னு ஒரு பட்டன் இருக்கே, அதைப் பத்தி. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. ஓபிக்கும் வார்டுக்கும் கேஷுவாலிட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அல்ட்ரா வைடு லென்ஸ், இடங்களை எடுக்க அருமையான கருவி. மனுஷங்களை எடுக்கணும்னா அதோட குணம் தெரிஞ்சவங்க கையில மட்டும்தான் அது நல்ல கருவி. குணம் தெரியாமலேயே இன்னைக்கு எல்லார் பாக்கெட்லயும் அது இருக்கு.

முதல்ல அளவு. ஃபுல் ஃப்ரேம் கேமரா கணக்குல 50 மி.மீ லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 46 டிகிரி பார்க்கும். 24 மி.மீ சுமார் 84 டிகிரி. அதுக்கும் கீழ போனா அல்ட்ரா வைடு. 16 மி.மீ 107 டிகிரி, 14 மி.மீ 114 டிகிரி. பல மொபைல்கள்ல இருக்கும் 0.5 எக்ஸ், கிட்டத்தட்ட 13 மி.மீ லென்ஸுக்குச் சமம். அதாவது 15 வருஷத்துக்கு முன்னாடி கல்யாண போட்டோகிராபர்களே யோசிச்சு யோசிச்சு வாங்கின லென்ஸை விட அகலமான ஒண்ணு, இப்போ ஒன்பதாம் வகுப்பு பையன் கையில இருக்கு.

சரி, ஓபிக்கு வருவோம்.

20 வயசு பிள்ளைங்க மொபைலை நீட்டி, "டாக்டர், என் மூக்கு ஏன் இவ்வளவு பெருசா இருக்கு, ஆபரேஷன் பண்ணலாமா"ன்னு கேக்கறது இப்ப புதுசு இல்ல. நேர்ல பார்த்தா மூக்கு மூக்கா தான் இருக்கும். போட்டோல மட்டும் பெருசு.

காரணம் லென்ஸ்னு எல்லாரும் சொல்வாங்க. அது பாதி உண்மை. உண்மையான காரணம் தூரம். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவுல தோராயமா 12 செ.மீ இருக்குன்னு வச்சுக்குங்க. மொபைலை ஒரு ஸ்கேல் தூரத்துல, அதாவது 30 செ.மீல பிடிச்சா மூக்கு 30ல இருக்கு, காது 42ல இருக்கு. பக்கத்துல இருக்கிற மூக்கு, காதோட ஒப்பிட்டா 40 சதவீதம் பெருசா பதியும். அதே முகத்தை 150 செ.மீ தள்ளி நின்னு எடுத்தா 150க்கு 162. வித்தியாசம் 8 சதவீதம் தான். மூக்கு மாறல, நின்ன இடம் மாறுச்சு.

இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. 2018ல ஜாமா ஃபேஷியல் பிளாஸ்டிக் சர்ஜரி இதழ்ல வந்த கட்டுரை. 5 அடி தூரத்துல எடுத்த படத்தை விட 12 அங்குல தூரத்துல எடுக்கிற செல்ஃபில மூக்கு ஆண்களுக்கு சுமார் 30 சதவீதமும், பெண்களுக்கு 29 சதவீதமும் அகலமா தெரியும்னு கணக்கு போட்டுக் காட்டினாங்க.

அப்போ லென்ஸ் மேல பழியே இல்லையா? இருக்கு. அகலமான லென்ஸ்ல முகம் சின்னதா தெரியும். சின்னதா தெரியறதால நாம கிட்ட போவோம். கிட்ட போனதும் மேல சொன்ன கணக்கு வேலை செய்ய ஆரம்பிக்கும். லென்ஸ் நம்மள இழுத்துட்டுப் போகுது, தூரம் முகத்தைக் கெடுக்குது.

மூக்கை மாத்தணும்னு வர்ற பிள்ளைங்ககிட்ட நான் முதல்ல செய்யச் சொல்றது இதுதான்: ஃப்ரெண்டுகிட்ட மொபைலைக் கொடுங்க, ஆறு அடி தள்ளி நிக்கச் சொல்லுங்க, 2 எக்ஸ்ல எடுக்கச் சொல்லுங்க. பல பேருக்கு அதோட கேள்வியே முடிஞ்சுடும். அதுக்கப்புறமும் நாள் முழுக்க கண்ணாடி முன்னாடியே நிக்கறாங்க, வெளியே போகவே கூச்சப்படறாங்கன்னா அது மூக்குப் பிரச்சனை இல்ல, மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். பெத்தவங்க அதைத் திட்டி சரி பண்ண முடியாது.

அடுத்தது குரூப் போட்டோ. இங்கே நடக்கறது வேற. அல்ட்ரா வைடு லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாவே காட்டணும்னு முயற்சி பண்ணும். அதுக்கு விலையா ஓரத்துல இருக்கிறதை எல்லாம் வெளிப்பக்கமா இழுக்கும். ஓரத்துல ஒரு பந்தை வச்சு எடுத்துப் பாருங்க, முட்டையா தெரியும். பந்துக்கு என்ன நடக்குதோ அதேதான் உங்க பெரியம்மாவுக்கும் நடக்கும். சின்ன மண்டபம், மேடையில 20 பேர், போட்டோகிராபர் பின்னாடி போக இடமில்ல, வைடு போட்டு எடுத்துடுவார். ஆல்பம் வந்ததும் ஓரத்துல நின்ன பெரியம்மா "நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்"னு ரெண்டு நாள் சாப்பிட மாட்டாங்க.

இடமே இல்லைன்னா ஒண்ணு செய்யலாம். ஓரத்துல ஆளுங்களை நிறுத்தாதீங்க. வாழை மரம், தூண், குத்துவிளக்கு எதையாவது ஓரத்துக்கு விட்டுட்டு ஆளுங்களை நடுவுல ரெண்டு வரிசையா நிறுத்துங்க. இடம் இருந்தா நாலடி பின்னாடி போய் 1 எக்ஸ்லயே எடுங்க. அவ்ளோதான்.

இப்போ பயணம். இந்த லென்ஸோட சொந்த ஊர் இதுதான்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குள்ள நின்னு பாருங்க. அந்தப் பெரிய தூண், மேல வளைவு, நடு முற்றம் எல்லாத்தையும் 50 மி.மீ லென்ஸ்ல அடக்கவே முடியாது. 14, 16ல அடங்கும். காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீட்டு வளவு, அதுவும் அப்படித்தான். சுத்தி தூண், நடுவுல வெளிச்சம், பின்னாடி போனா சுவர் முட்டும். அங்கே வைடு தவிர வேற வழியில்ல. ஒரே ஒரு விஷயம் கவனிங்க: கேமராவை மேல் நோக்கிச் சாய்க்காதீங்க. சாய்ச்சா தூண் எல்லாம் உள்பக்கமா விழுற மாதிரி தெரியும். நேரா பிடிங்க. கீழே தரை நிறைய வரும், வரட்டும். தரையில ஒரு நிழலோ, கோலமோ, உக்காந்திருக்கிற ஆளோ இருந்தா அதுவே படத்துக்கு உயிர். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தை அடியில நின்னு அண்ணாந்து எடுக்கிறவங்க, வெளிப் பிராகாரத்து ஓரத்துக்குப் போய் நேரா பிடிச்சு எடுத்துப் பாருங்க, எவ்வளவு உயரம்னு அப்பதான் தெரியும்.

மலைக்குப் போறவங்களுக்கு நான் நேர் எதிரா சொல்வேன். ஊட்டி, கொடைக்கானல் வியூ பாயிண்ட்ல 0.5 போட்டா 2,000 மீட்டர் மலையும் எறும்புப் புத்து மாதிரி ஆயிடும். அங்கே 2 எக்ஸ் போடுங்க.

ஊர்ல பார்க்கிற மனுஷங்களை வைடுல எடுக்கலாமா? எடுக்கலாம், எனக்கு அது பிடிக்கவும் செய்யும். ஏன்னா தூரத்துல ஒளிஞ்சு நின்னு எடுக்க அந்த லென்ஸ் விடாது. ஒரு மீட்டர் கிட்ட போகணும். போகணும்னா பேசணும். செட்டிநாட்டுப் பக்கம் பனை ஓலையில கொட்டான் முடையற ஒரு அக்காவை எடுக்கறீங்கன்னு வச்சுக்குங்க. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?"ன்னு கேட்டு, அவங்க கூட சமமா திண்ணையில உக்காந்து, முகம் படத்தோட நடுவுக்கு வர்ற மாதிரி எடுங்க. கை லென்ஸுக்குக் கிட்ட இருக்கும், கொஞ்சம் பெருசா தெரியும். முடையறவங்க படத்துல கை பெருசா தெரியறது தப்பே இல்ல. பின்னாடி ஓலை, வீடு, தெரு எல்லாம் சேர்ந்து வரும். தி ரெவனன்ட் படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். இமானுவேல் லுபெஸ்கி மிக அகலமான லென்ஸை நடிகர் முகத்துக்குக் கிட்ட கொண்டு போய், முகத்தையும் பனிக்காட்டையும் ஒரே ஃப்ரேம்ல காட்டியிருப்பார்.

"வேண்டாம் தம்பி"ன்னு அந்த அக்கா சொன்னா அதோட விட்டுடணும். இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

இப்போ வார்டு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே ஆரம்பிச்சேன்.

அரசு மருத்துவமனைகள்ல பிரசவ வார்டு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். கட்டில் பக்கத்துலயே கட்டில். குழந்தை பிறந்த சந்தோஷத்துல சொந்தக்காரங்க போட்டோ எடுப்பாங்க, நியாயம்தான். கட்டில், அம்மா, பாட்டி எல்லாம் வரணும்னு 0.5 அமுக்குவாங்க. ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு படுக்கைவாட்டுல எடுத்தா 1 எக்ஸ் சுமார் 2.8 மீட்டர் அகலம்தான் பார்க்கும். 0.5 சுமார் ஐந்தரை மீட்டர் பார்க்கும். நீங்க எடுத்தது உங்க கட்டிலை. படத்துல இருக்கிறது மூணு கட்டில். பக்கத்துல ஒரு பொண்ணு தாய்ப்பால் கொடுத்துக்கிட்டு இருக்கும், இன்னொருத்தங்களுக்கு டியூப் மாட்டியிருக்கும், ஒருத்தங்க துணி சரியா இருக்காது. எடுத்தவங்க கெட்ட எண்ணத்துல எடுக்கல. கண்ணு குழந்தை மேல இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல அந்தப் படம் ஃபேமிலி குரூப்ல, ஸ்டேட்டஸ்ல. பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குத் தன் படம் ஊரெல்லாம் சுத்தறது தெரியவே தெரியாது. அவளை யாரும் கேட்கவும் இல்ல.

அதனால வார்டுல 0.5 வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். 2 எக்ஸ் போட்டு குழந்தை முகம் மட்டும் எடுங்க, ஃப்ளாஷ் போடாம. அனுப்பறதுக்கு முன்னாடி படத்தோட நாலு ஓரத்தையும் ஒரு தடவை பாருங்க. கிராப் பண்ண மூணு செகண்டு ஆகும்.

கேஷுவாலிட்டி விஷயம் இன்னும் கசப்பு. 0.5 எல்லாத்தையும் 1 எக்ஸ்ல தெரியறதுல பாதி அளவாக் காட்டும். 50 மீட்டர் தள்ளி வர்ற ரயில், 1 எக்ஸ் ஸ்க்ரீன்ல 100 மீட்டர் தள்ளி வர்ற ரயில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் தெரியும். மணிக்கு 100 கி.மீ வேகத்துல வர்ற வண்டி செகண்டுக்கு 28 மீட்டர் ஓடும். 50 மீட்டர்ங்கறது ரெண்டு செகண்டு கூட இல்ல. ஸ்க்ரீனைப் பார்த்து "இன்னும் தூரமா தானே இருக்கு"ன்னு நினைக்கிற பையனை அவன் கண்ணு ஏமாத்தல, லென்ஸ் ஏமாத்துது. யானை, காட்டெருமை, அருவிப் பாறை விளிம்பு எல்லாத்துக்கும் இதே கணக்கு.

2018ல நம்ம நாட்டு மருத்துவர்கள் செய்தி அறிக்கைகளை வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க. 2011 அக்டோபர்ல இருந்து 2017 நவம்பர் வரைக்கும் உலகம் முழுக்க செல்ஃபி எடுக்கப் போய் 259 பேர் இறந்திருக்காங்க. அதுல பாதிக்கு மேல இந்தியாவுல. அதிகமா இறந்தது தண்ணில மூழ்கி. செய்தில வந்தது மட்டும்தான் இந்தக் கணக்கு.

தண்டவாளம், தண்ணி, விளிம்பு, விலங்கு. இந்த நாலுக்கும் பக்கத்துல ஸ்க்ரீனைப் பார்த்து தூரம் முடிவு பண்ணாதீங்க. மொபைலை இறக்கிட்டு, திரும்பி, வெறும் கண்ணால பாருங்க.

கடைசியா, "டாக்டர், அல்ட்ரா வைடு லென்ஸ் வாங்கலாமா"ன்னு கேக்கறவங்களுக்கு. முதல்ல உங்க மொபைல் கேலரியைத் திறங்க. போன ரெண்டு டூர்ல 0.5ல எடுத்ததுல உங்களுக்கே பிடிச்ச படம் எத்தனைன்னு எண்ணுங்க. பத்து கூட தேறலைன்னா வாங்காதீங்க, அந்தக் காசுல ஒரு 35 மி.மீ வாங்குங்க. நிறைய தேறினா, ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துட்டு வாங்குங்க.

ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவா இருந்தா லென்ஸ்ல எழுதியிருக்கிற எண்ணை ஒன்றரையால பெருக்கணும், கேனான்னா 1.6ஆல. 16 மி.மீ வாங்கிட்டு "அகலமே இல்லையே"ன்னு வருத்தப்படறவங்க இதைத்தான் விட்டுடறாங்க. 10ல ஆரம்பிக்கிற ஜூம் பாருங்க. கேனான் 10-18, நிக்கான் 10-20 ரெண்டும் கால் கிலோவுக்கும் குறைவு, கையாட்டம் குறைக்கிற வசதியும் இருக்கு. கட்டிடம் எடுக்க எஃப் 2.8 தேவையில்ல, தூண் ஓடாது. இருட்டுல ஆளுங்களை எடுக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கூடுதல் காசு. முன்கண்ணாடி உருண்டையா துருத்திட்டு இருக்கிற லென்ஸ்கள்ல சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது, டூர் பையில இடிபட்டா நேரா கண்ணாடியில தான் கீறல் விழும். பழைய நிக்கான் பாடி வச்சிருக்கிறவங்க ஒண்ணு பார்த்துக்குங்க: அந்த 10-20 ஏஎஃப்-பி வகை, பல பழைய மாடல்கள்ல ஆட்டோஃபோகஸ் ஆகாது. கடையில உங்க பாடியை மாட்டிப் பார்த்துட்டு அப்புறம் காசைக் கொடுங்க.