பழைய வாகனம் ஒன்று வாங்குங்கள், அப்பாவையும் கூப்பிடுங்கள்

"பிள்ளை, உனக்கென்ன விசரே?"

ஹரோவில் எங்கள் வீட்டு வாசலில் 1974ஆம் ஆண்டு லாண்ட் ரோவர் ஒன்றை லொறியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். அப்போது அப்பா கேட்ட முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி இதைவிடக் கஷ்டம்: "கீழ பாத்தனியே?"

நான் கீழே பார்க்கவில்லை. மேலே பார்த்தேன். பச்சை நிறம், வட்ட விளக்குகள், முன்னால் தொங்கும் உதிரிச் சில்லு. இருபத்தேழு வயதில் சேர்த்து வைத்த காசு முழுவதையும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கென்ற் பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "கொஞ்சம் வேலை இருக்கிறது" என்று அவர் சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை.

அப்பா உள்ளே போய் ஒரு சின்னச் சுத்தியலோடு வந்தார். நிலத்தில் பழைய காட்போட் மட்டையை விரித்து, அறுபது வயதில் அதன் மேல் மல்லாக்கப் படுத்து, வாகனத்துக்குக் கீழே போனார். டங், டங், டங் என்று கேட்டது. பிறகு ஒரு இடத்தில் தொப் என்று கேட்டது. அதற்குப் பிறகு நிறைய இடங்களில் தொப் என்றுதான் கேட்டது.

"வடிவா கறள் பிடிச்சிருக்கு" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்களுக்குக் கொஞ்சம் காசும் நேரமும் இருந்தால், திருத்த வேண்டிய பழைய பொருள் ஒன்றை வாங்குங்கள். ஆனால் தனியே திருத்தாதீர்கள். உங்கள் வீட்டில் கைவேலை தெரிந்த ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள், அவர் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

முதலில், நான் செய்த பிழையை நீங்கள் செய்யாமல் இருக்கச் சில விடயங்கள்.

லாண்ட் ரோவரின் கதை 1947இல் தொடங்குகிறது. ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸிலுள்ள அங்கிள்சி தீவில் இருந்த தன் தோட்டத்தில் யுத்தத்தில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப்போல ஒன்றை நாங்களே செய்தால் என்ன என்று யோசித்தார். 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதல் லாண்ட் ரோவர் வெளிவந்தது. யுத்தத்துக்குப் பிறகு பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு, பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடியில் எல்லாவற்றையும் தாங்கும் சேஸியோ இரும்பு.

புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காது. ஐம்பது வருடம் போனாலும் மேற்பக்கம் நன்றாகவே தெரியும். சேஸியோ பெட்டிபோல உள்ளே வெறுமையாக இருக்கும் இரும்பு. மழைத்தண்ணீரும் குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பும் உள்ளே போய், உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே கறுப்புத் தாரைப் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சுத்தியல். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும், உக்கிய இரும்பு ஒலிக்காது. பின்பக்கக் குறுக்குச்சட்டம், வில்த்தகடுகள் பூட்டியிருக்கும் இடங்கள், காலடித் தட்டு, கதவுத் தூண்களின் அடி, இவை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். சேஸியையே மாற்றுவதென்றால் பல ஆயிரம் பவுண் போகும். எஞ்சின் கெட்டிருந்தால் பயப்படாதீர்கள், அதைத் திருத்தலாம். சேஸி கெட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சேஸி இலக்கத்தையும் பாருங்கள். என்னுடைய வாகன வகையில் அது வலது பக்க முன் வில்த்தகட்டுப் பூட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். பதிவுப் பத்திரத்தில் உள்ள இலக்கத்தோடு அது பொருந்த வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது மஞ்சள் தடியையும் சிவப்புத் தடியையும் மறக்காதீர்கள். மஞ்சளை அமத்தினால் நான்கு சில்லுக்கும் இழுவை வரும். சிவப்பு, சேற்றிலும் ஏற்றத்திலும் ஆறுதலாகப் போவதற்கான குறைந்த கியர். ஆனால் காய்ந்த தார் வீதியில் நான்கு சில்லு இழுவையைப் போட்டு ஓடாதீர்கள், கியர்களும் அச்சும் கஷ்டப்படும்.

இனி அப்பாவின் கதை.

அடுத்த நாள் காலை நான் புது ஸ்பனர் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். எல்லாம் மில்லிமீற்றர் அளவு. ஒரு நட்டில் 13ஐப் போட்டேன். பூட்டினதுபோல இருந்தது, திருப்பினால் வழுக்கியது. அப்பா யன்னலால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "விடு, விடு. நட்டைத் தின்னப்போறாய். உது அரை இஞ்சு."

அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். இந்த 0.3 மில்லிமீற்றர் போதும், நட்டின் மூலைகள் உருண்டு போக. அவர் அளக்கவில்லை, கிட்டவும் வரவில்லை. பத்தடி தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னார்.

என் அப்பா கொக்குவிலில் ஒரு கராஜில் வேலை பழகியவர் என்று எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டில் ஒரு தகவல், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த அப்பா, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போய், நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வீட்டுக்கு வருபவர். அவர் 1996இல் லண்டன் வந்தபோது கையில் தொழில் இருந்தது, கடதாசி இருக்கவில்லை. இங்கே யாரும் அந்தத் தொழிலைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. இருபத்தேழு வருடமாக நானும் கேட்கவில்லை.

பிறேக் வேலை செய்த நாளில்தான் கேட்டேன். பிறேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர் சில்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். தூரத்துச் சில்லில் தொடங்கி ஒவ்வொன்றாக வர வேண்டும். அப்பா மேலே, நான் கீழே. "அமத்து." "அமத்திட்டன்." "பிடி." "பிடிச்சிருக்கிறன்." "விடு." நான்கு சில்லுக்கும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அப்படி இருக்கும்போது சில கதைகள் சுலபமாக வெளியே வரும்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. ஆனாலும் வாகனங்கள் ஓடின. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய பிரித்தானிய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால் அந்த மட்டமான எரிபொருளையும் அவை தாங்கின. இன்றைய கார் ஒன்றில் இதைச் செய்ய முடியாது. உதிரிப்பாகம் தேடி அலையும் காலத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டு, இல்லாததைக் கடைச்சலில் கடைந்து எடுத்து, அந்தக் கார்களைக் காப்பாற்றினார்கள். அந்த வகைக் கார்களை இன்றும் யாழ்ப்பாணத்து வீதிகளில் காணலாம்.

"அப்பா, இது பெரிய கெட்டித்தனம்" என்று கீழேயிருந்து சொன்னேன்.

மேலே கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கெட்டித்தனம் இல்லைப் பிள்ளை. வேற வழி இருக்கேல்லை. மண்ணெண்ணெயில ஓடி ஓடி எஞ்சின் எல்லாம் பழுதாப் போச்சு. ஆக்களை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போகேக்கை நடு றோட்டில நிண்டிருக்கு. உதை நீ பெருமையா எழுதாதை."

அவர் சொன்னதை மதித்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தலைமுறைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பெற்றோர் பட்ட கஷ்டத்தை ஒரு வீரக்கதையாக்கி, படம் போட்டு, அதோடு முடித்துவிடுவோம். அவர்கள் அந்தத் திறமையை விரும்பித் தேடவில்லை. தடை தேடிக் கொடுத்தது. எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. தேவையான பாகத்தை இரவில் பதிந்தால் அடுத்த நாள் வாசலில் இருக்கும். அதனால்தான் நாங்கள் விரும்பிப் பழக வேண்டும் என்கிறேன். கஷ்டத்தைக் கொண்டாடுவது வேறு, கஷ்டத்தில் கற்ற அறிவைக் காப்பாற்றுவது வேறு.

"உன்னுடைய பழைய வாகனம் புகை விடாதா?" என்று என் நண்பி கேட்டாள். நியாயமான கேள்வி. 2023 ஓகஸ்ட் 29 முதல் யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு வலயம் லண்டன் முழுவதற்கும் வந்தது. தரத்துக்கு உட்படாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண். அப்பா தன் பழைய டீசல் காரை அடிமாட்டு விலைக்கு விற்றார். ஆனால் நாற்பது வயது தாண்டி, வரலாற்று வாகனம் என்று பதிவான என்னுடைய லாண்ட் ரோவருக்கு யூலெஸ் கட்டணமும் இல்லை, வீதி வரியும் இல்லை. "நல்ல சட்டம்" என்று அப்பா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. லூயிஷாமில் சவுத் சேர்க்குலர் வீதிக்குக் கிட்ட வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இந்த நாட்டில் அப்படி ஒரு தீர்ப்பு அதுதான் முதல் தடவை. எனவே நான் வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். லாண்ட் ரோவர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காகத் தினமும் ஓட்டலாம் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு சலுகையிலும் கவனமாக இருங்கள். நாற்பது வருடம் தாண்டி, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வாகனங்களுக்கு 2018 மே முதல் வருடாந்த எம்.ஓ.ரி சோதனை கட்டாயமில்லை. ஆனால் ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண் வரை தண்டம் உண்டு. நான் விரும்பியே சோதனைக்குக் கொண்டுபோனேன். முதல் தடவை கைப்பிறேக்கில் தோற்றது. இரண்டாம் தடவைதான் வென்றது. முதல் வாகனம் திருத்துபவர் தன் வேலையை இன்னொருவர் சோதிப்பதற்கு வெட்கப்படக்கூடாது.

வேலை செய்யும்போதும் கவனம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், தாங்கிகளை வைத்த பிறகு போங்கள். பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ கூடாது. ஊதித் துடைப்பதுதான் ஊர்ப் பழக்கம். இந்த ஒன்றில் நான் அப்பாவைத் திருத்தினேன், அவரும் கேட்டுக்கொண்டார்.

ஏழு மாதம் எடுத்தது. உக்கிய இரும்பை வெட்டிப் புது இரும்பு ஒட்டும் வேலையைக் காசு கொடுத்துத்தான் செய்வித்தோம், அது எங்களால் முடியாது. மற்றதெல்லாம் நாங்கள் இருவரும் செய்தோம். எஞ்சினில் பொறி விடும் பொயின்ற்ஸ் இடைவெளியை அப்பா ஒரு விசிற்றிங் காட்டைச் செருகி வைத்தார். பிறகு நான் அளவுத் தகட்டால் பார்த்தேன். 0.38 மில்லிமீற்றர், புத்தகத்தில் இருக்கும் அளவுதான்.

இதில் எனக்குக் கிடைத்த இன்னொன்று, தமிழ். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படித்தேன். கறள், கடைச்சல், புரி, உக்கல் என்ற சொற்கள் அங்கே எனக்கு வரவில்லை. ஒரு சொல்லைப் பொருளோடு சேர்த்துக் கையில் பிடித்தால் அது மறக்காது. அப்பாவும் என்னோடு ஆங்கிலம் கலக்காமல் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது இதுதான் முதல் தடவை.

உங்களுக்கு லாண்ட் ரோவர் தேவையில்லை. அது விலை கூடியது, இளம் வயதினருக்குக் காப்புறுதியும் இலேசில் கிடைக்காது. பழைய சைக்கிள் போதும். அம்மாவின் சிங்கர் தையல் மெஷின் போதும். நின்றுபோன மணிக்கூடு போதும். அதை மேசையில் வைத்துவிட்டு, "இது எப்படி வேலை செய்யுது?" என்று வீட்டில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டாலும் ஒரு கதை வரும்.

அப்பாவுக்கு இப்போது குனிந்தால் முதுகு நோகிறது. காட்போட் மட்டையில் நான்தான் படுக்கிறேன், அவர் பக்கத்தில் கதிரையில் இருந்து சொல்கிறார். போன கிழமை ஒரு நட்டைப் பார்த்து, "ஒன்பது பதினாறு" என்று அவருக்கு முதல் நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பனரை எடுத்து நீட்டினார்.