கடற்பாசிப் பண்ணையை வானிலிருந்து பார்ப்பவர்கள் எந்த மாதத்தில் பார்க்கிறார்கள்?

வடக்கில் கடற்பாசி வளர்க்கும் ஒருவரிடம் 'உங்கள் பண்ணை எவ்வளவு பெரியது?' என்று கேட்டால், 'எந்த மாதத்தில்?' என்று அவர் திருப்பிக் கேட்பதில் நியாயம் உண்டு. மாசியில் கயிறு நிறையப் பாசி தொங்கிய அதே இடத்தில் மார்கழி மழைக்குப் பின்னர் சில மிதவைகள் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். பருவத்தோடு மாறும் இந்தப் பண்ணைகளைச் செய்மதிப் படங்கள் மூலமும் ட்ரோன்கள் மூலமும் கண்காணிக்கும் முறை உலகின் பல கரைகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. எங்கள் கடலுக்கு அது முழுமையாக வந்து சேரும்போது, படத்தை யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்பதில் பலருடைய தொழிலுரிமை தங்கியிருக்கும்.

இந்தப் படங்களால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சீனாவின் மஞ்சள் கடலில் நடந்ததே நல்ல உதாரணம். 2008 ஜூனில், பீஜிங் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் நடக்கவிருந்த சிங்தாவ் நகரக் கடலைப் பச்சைப் பாசி மூடியது. 10,000க்கும் மேற்பட்டோர் இறங்கி ஒரு மில்லியன் தொன்னுக்கு மேல் பாசியை அள்ள வேண்டியிருந்தது. நகரத்துக் கழிவுநீர்தான் காரணம் என்று முதலில் பேசப்பட்டது. ஆனால் செய்மதிப் படங்களை நாள் வரிசையில் பின்னோக்கிப் பார்த்தபோது, அந்தப் பச்சைத் திட்டுகள் தெற்கே ஜியாங்சு மாகாணத்தின் ஆழமற்ற கடலிலிருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் வடக்கே நகர்ந்து வந்தது தெரிந்தது.

அங்கே இருப்பவை சூஷி உணவில் சுற்றும் நோரிப் பாசியின் பண்ணைகள். இலையுதிர் காலத்தில் மூங்கில் கம்புகள் நட்டு வலை கட்டுவார்கள். சித்திரை, வைகாசி அளவில் அறுவடை முடித்துக் கம்புகளைக் கழற்றுவார்கள். அப்போது கம்பிலும் கயிற்றிலும் ஒட்டியிருக்கும் பச்சைப் பாசியைச் சுரண்டிக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். அதுதான் வெப்பமும் வெளிச்சமும் கிடைத்ததும் பெருகி, ஒரு மாதத்தில் இன்னொரு மாகாணத்தின் கரையில் போய் ஒதுங்கியது. தை மாதத்துப் படத்தில் ஒழுங்கான பண்ணை மட்டும் தெரியும். ஆனியில் எடுத்த படம் சிங்தாவின் பச்சைக் கடலைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது இடைப்பட்ட வாரங்களின் படங்கள்.

தென்கொரியாவின் வாண்டோ பகுதியில் இந்தப் பருவ மாற்றம் இன்னும் தெளிவு. அங்குள்ள தீவுகளைச் சுற்றிக் குளிர்காலத்தில் கடல் முழுவதும் கட்டம் கட்டமாகக் கயிறுகள் தெரியும். நாசா வெளியிட்ட அத்தகைய படமொன்று 2014 ஜனவரியில் எடுக்கப்பட்டது. அந்தப் பண்ணைகளில் பலவற்றை அறுவடைக்குப் பின்னர் கோடையில் அந்த இடத்திலேயே தேடினாலும் கிடைக்காது.

எங்கள் பக்கம் வருவோம். வலைப்பாடு போன்ற கரைகளில் வளர்க்கப்படுவது கப்பாபைக்கஸ் என்ற சிவப்புப் பாசி. ஐஸ்கிறீம் முதல் பற்பசை வரை சேர்க்கப்படும் கராஜீனன் இதிலிருந்து எடுக்கப்படுகிறது. சிறு துண்டுகளைக் கயிற்றில் கட்டிவிட்டால் சுமார் 45 நாட்களில் அறுவடை. அடுத்த சுற்றுக்கு விதையும் அந்தப் பாசியின் துண்டுதான். மழைக்காலத்தில் வெள்ள நீர் இறங்கி உப்புத்தன்மை குறைந்தால், அல்லது நீர் அளவுக்கு மீறிச் சூடானால், கிளைகள் வெளிறி முறிந்து விழும். 'ஐஸ்-ஐஸ்' என்று தொழிலில் சொல்வது இதைத்தான். விதைப்பாசியும் சேர்ந்து போய்விட்டால் அடுத்த பருவத்தைத் தொடங்கவே கடன்பட வேண்டும்.

ஆகவே மார்கழியில் எடுத்த படத்தில் வெற்றுக் கயிறு தெரிந்தால் அதற்குப் பல அர்த்தங்கள் உண்டு. அறுவடை முடிந்திருக்கலாம், பாசி அழிந்திருக்கலாம், விதையைக் காப்பாற்ற வேறிடத்துக்கு மாற்றியிருக்கலாம். பயிர் தொழிலாளியைப் பொறுத்தவரை இந்த மூன்றும் ஒன்றல்ல. படம் மட்டும் மூன்றையும் ஒரே மாதிரிக் காட்டும்.

இதற்குத் தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பிய 'சென்டினல்-2' செய்மதிகள் ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் பிடிக்கின்றன. அதன் ஒரு புள்ளி 10 மீற்றர். தனிக் கயிறு அதில் தெரியாது, பெரிய பண்ணையின் திரள்தான் தெரியும். நீருக்குக் கீழே கிடக்கும் பாசியைக் கடற்புல் தரையிலிருந்து பிரித்தறிவதும் சிரமம். பாக்கு நீரிணையில் கடற்புல் ஏராளம். எல்லாவற்றையும்விட, சேதம் அதிகம் நடக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை வானத்தை முகில் மூடியிருக்கும். முகிலை ஊடுருவும் ராடார் செய்மதிகள் உள்ளன. ஆனால் அவை மிதவை, சட்டம் போன்று நீருக்கு மேலே நிற்பவற்றையே காட்டும். கயிற்றில் பாசி உயிரோடு இருக்கிறதா என்று அவற்றிடம் கேட்க முடியாது.

ட்ரோன் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்கும். முகிலுக்குக் கீழே பறக்கும், கயிறு கயிறாக எண்ணும். ஆனால் வன்னியில் கடைசி மாதங்களைக் கடந்தவர்களுக்கு வேவு விமானத்தின் இரைச்சல் எதைக் கொண்டுவந்தது என்று விளக்கத் தேவையில்லை. 'வண்டு சுத்துது' என்றால் பிள்ளைகளும் பங்கருக்குள் இறங்கிய காலம் அது. அந்தக் கரைகளில் முன்னறிவித்தல் இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது ஆய்வு முறையிலேயே ஒரு பிழை என்பேன். எந்த நாள், எதற்காக, படம் யாரிடம் போகும் என்பதைக் கடற்றொழிலாளர் சங்கத்தில் முதலில் சொல்லிவிட்டுச் செய்யலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. வானத்திலிருந்து பார்க்கும்போது கம்பு நட்டவர் தெரிவார், வலை வீசுபவர் தெரியமாட்டார். தூண்டில் போடுபவர், களங்கட்டி வலையை இடம் மாற்றி மாற்றிக் கட்டுபவர், வற்றுக் காலத்தில் நடந்து சென்று அட்டையும் நண்டும் பொறுக்கும் பெண்கள், இவர்கள் கடலைப் பயன்படுத்திய அடையாளம் அடுத்த வற்றுப்பெருக்கோடு அழிந்துவிடும். படத்தில் அந்த இடம் 'வெற்றிடம்'. வெற்றிடம் என்றால் பண்ணைக்குக் கொடுக்கலாம். 2021இல் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள கடலட்டைப் பண்ணை சர்ச்சையானபோதும், அதன் பின்னர் கிராஞ்சி இலவன்குடாவில் கடற்றொழிலாளர்கள் தொடர் போராட்டத்தில் இருந்தபோதும் எழுந்த கேள்வி இதுதான்: இந்த இடத்தில் ஏற்கனவே யார் தொழில் செய்கிறார்கள் என்று யார் பார்த்தது?

படத்தின் திகதி எவ்வளவு முக்கியம் என்பதை நிலத்தில் நாங்கள் ஏற்கனவே பார்த்துவிட்டோம். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றைக்காடாகிப்போன வன்னிக் காணிகள் பலவற்றைத் திரும்பி வந்தவர்கள் 'வனப்பகுதி' என்ற எல்லைக் கல்லோடுதான் கண்டார்கள். இரணைதீவு மக்கள் 1992இல் வெளியேறி, 2018 சித்திரையில் தங்கள் படகுகளிலேயே போய் இறங்கும்வரை அங்கே குடியிருக்க முடியவில்லை. இடைப்பட்ட ஓர் ஆண்டில், 2005 என்று வைத்துக்கொள்வோம், எடுத்த படம் அதை ஆளில்லாத் தீவாகவே காட்டும். படத்தில் பொய் இருக்காது. ஆனால் அதைக் கொண்டு அந்தத் தீவு எவருடையதும் அல்ல என்று முடிவெடுத்தால் அது அநியாயம்.

இதற்காகப் படங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புயலோ வெள்ளமோ வந்து பண்ணை அழிந்தால், அங்கே பண்ணை இருந்தது என்பதற்குப் பாசி வளர்க்கும் குடும்பத்திடம் என்ன ஆதாரம் இருக்கிறது? வயலுக்குக் காணிப் பத்திரம் உண்டு, வள்ளத்துக்குப் பதிவு உண்டு. கயிற்றுக்கு ஒன்றுமில்லை. பயிர் நிற்கும் காலத்தில் எடுத்த, திகதியிட்ட ஒரு படம் நட்டஈட்டு மேசையில் பேசும். கப்பாபைக்கஸ் எங்கள் கடலுக்கு அந்நிய இனம் என்பதால் சூழலுக்கும் அது தேவை. பாக்கு நீரிணைக்கு அப்பால், மண்டபத்துக்கு அருகிலுள்ள குருசடைத் தீவில் இது பண்ணையை விட்டு வெளியேறிப் பவளப்பாறைகளை மூடியதாக 2008 அளவிலேயே இந்திய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அப்படி ஒன்று இங்கே நடந்தால் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். அதிலும் படம் ஐயத்தை எழுப்பும் அளவுக்குத்தான் உதவும், நீருக்குள் இறங்கி ஒருவர் உறுதிசெய்ய வேண்டும்.

கரையிலுள்ளவர்களிடம் ஏற்கனவே ஒரு நாட்காட்டி இருக்கிறது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றை வைத்தே எந்த மாதம் எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று சொல்வார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் திகதியோடு அந்தக் காற்றின் பெயரும், அன்று அந்த நீரில் யார் யார் தொழில் செய்தார்கள் என்று சங்கம் தரும் குறிப்பும் சேர்ந்தால் படத்துக்கு அர்த்தம் வரும். பண்ணை அனுமதியோடு தொடர்புடைய நக்டாவிடமும் பிரதேச செயலகங்களிடமும் சங்கங்கள் முன்வைக்கக்கூடிய கோரிக்கை இது: எங்கள் கடலைக் காட்டும் வரைபடத்தை வைத்து முடிவெடுப்பதென்றால், அதன் படங்கள் எந்தெந்த மாதத்தவை என்று எழுதித் தாருங்கள், ஒரு பிரதி எங்களிடமும் இருக்கட்டும்.

சோளகம் பலமாக வீசும் மாதங்களில் வானம் தெளிவாக இருந்தாலும் கடல் கலங்கியிருக்கும். வாடையில் முகில். அடிப்படைப் படம் எடுக்க மாசி முதல் சித்திரை வரையிலான அமைதிக் காலமே வசதி, பயிரும் அப்போது கயிற்றில் நிற்கும். மழைக்கு முன்னர், புரட்டாதியில் இன்னொன்று எடுத்து வைத்தால், தையில் எதை இழந்தோம் என்று கேட்க ஒரு தொடக்கப் புள்ளியாவது இருக்கும்.