தொடக்க வெப்பநிலையும் கணிப்போர் கடமையும்

வெப்பம் ஒரு பொருளினூடே பரவும் வகையைக் கணிப்பொறியின் துணைகொண்டு கணித்தறிதல் இந்நாளில் கல்லூரி மாணாக்கர்க்கும் எளிதாயிற்று. பொருளின் வடிவம், அதன் வெப்பங்கடத்தும் திறன், எல்லைகளில் நிகழ்வன ஆகியவற்றை அவர் நன்கு ஆராய்ந்தே குறிக்கின்றனர். ஆயின், கணக்குத் தொடங்கும் கணத்தில் ஒவ்வோரிடத்தும் வெப்பநிலை யாதாயிருந்தது என்னும் வினா எழுங்கால், பொருள் முழுமைக்கும் 25 பாகை என ஓரெண்ணை எழுதிவிட்டு அப்பாற் செல்வோர் பலர். இவ்வழக்கம் நன்றன்று என்பதும், தொடக்க நிலையை இடந்தோறும் உள்ளவாறே வேறுபடுத்திக் குறித்தல் வேண்டும் என்பதும் எம் கருத்து.

வெப்பக் கடத்தலின் கணிதத்தை வகுத்த பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே, 1822-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், தொடக்க வெப்பநிலை இடத்திற்கிடம் வேறுபடினும் அதனைப் பல அலைவடிவங்களின் கூட்டாகப் பிரித்துக் கணிக்கலாம் எனக் காட்டினார். அவ்வலைகளுள் குறுகியவை விரைவிலும், நீண்டவை மெல்லவும் தேய்ந்தழியும். ஒரு மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பியின் பக்கங்களை வெப்பம் புகாதவாறு மூடி, இரு முனைகளையும் பனிக்கட்டியில் வைத்தோமாயின், கம்பி முழுதும் பரந்த முதலலை மூன்றிலொரு பங்கினுஞ் சற்று மிகுந்த அளவாகக் குறைதற்கு ஏறக்குறைய 15 நிமிடம் செல்லும். அக்கம்பியைப் பத்துக் கூறாக்கும் சிற்றலையோ 9 விநாடியில் அந்நிலையை எய்தும்.

இதுகொண்டு, "வேறுபாடுகள் தாமே அழியுமாதலின் அவற்றைக் குறியாது விடுதலால் வருங்கேடென்னை?" எனச் சிலர் வினவுவர். இறுதியில் நிலைபெறும் வெப்பநிலை ஒன்றையே வேண்டுவோர்க்கு அவர் கூற்றுப் பெரும்பாலும் பொருந்தும். எப்பொழுது ஆறும், எவ்விடம் முன்னர்க் குளிரும், இடையில் யாது நேரும் என்று வினவுவோர்க்கோ அது சிறிதும் பொருந்தாது. அன்றியும், பொருளின் நீளம் இருமடங்காயின் ஆறுங்காலம் நான்மடங்காகும். ஆகவே, பெரும்பொருள்கள் தம் தொடக்க நிலையை நெடுங்காலம் மறவா.

அமெரிக்க நாட்டில் கொலராடோ ஆற்றின் குறுக்கே எழுந்த ஹூவர் அணை இதற்குத் தக்க சான்றாகும். 726 அடி உயரமுள்ள அவ்வணைக்கு 1933 ஜூன் முதல் 1935 மே வரை கான்கிரீட் இடப்பட்டது. சிமெண்டு நீரொடு கூடி இறுகுங்கால் வெப்பத்தை வெளியிடும் இயல்பினது. அவ்வெப்பம் தானே ஆறுதற்கு நூறாண்டுக்கு மேலாகும் எனக் கண்ட பொறியாளர், அணையைத் தனித்தனிப் பாளங்களாக எழுப்பி, 582 மைல் நீளமுள்ள குழாய்களை உள்ளே பதித்துக் குளிர்நீர் செலுத்தி ஆற்றினர்.

இத்தகைய அணையொன்றை நாம் இன்று கணிப்பதாகக் கொள்வோம். புதிதாக இட்ட அடுக்கிற்கு இடும்பொழுதுள்ள வெப்பநிலை ஒன்று. அதன்கீழுள்ள பழைய அடுக்கின் நடுவில் முன்னரே தேங்கிய வெப்பம் வேறு. காற்றுப் படும் புறமுகத்தின் நிலை மற்றொன்று. இவையனைத்திற்கும் ஒரே எண்ணை எழுதின், அடுக்குகட்கு இடையேயுள்ள வேறுபாடு கணக்கினின்று மறைந்துபோம். அவ்வேறுபாடே ஒவ்வாச் சுருக்கத்தை விளைத்துக் கான்கிரீட்டைப் பிளப்பது. ஏட்டிலே வெடிப்பு இல்லையெனக் கண்டு மகிழ்ந்திருப்போம். சுவரிலோ வெடிப்புத் தோன்றும்.

இடந்தோறும் வேறுபடும் நிலையைக் குறித்தற்கு வழிகள் மூன்றுள. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கொண்டமைந்த சூத்திரமாக எழுதலாம். பொருளைப் பகுதிகளாக்கிப் பகுதிதோறும் ஓரெண் வழங்கலாம். ஓப்பன்ஃபோம் என்னும் மென்பொருளில் செட்ஃபீல்ட்ஸ் என்னும் கருவி இதற்கென்றே உளது. சில புள்ளிகளில் அளந்த எண்களையோ, முந்திய கணக்கின் முடிவையோ கொண்டு இடைப்பட்ட இடங்களை நிரப்பவுங் கூடும். எவ்வழியை மேற்கொள்ளினும், காலத்தை ஓரடியேனும் நகர்த்துமுன் தொடக்க நிலையைப் படமாக வரைந்து கண்ணாற் காண்டல் வேண்டும். எல்லையிற் குறித்த எண்ணோடு அது முரணுகின்றதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

அளவைகள் கிட்டாதவிடத்து ஓரெண்ணையே கொள்ள நேரினும் குற்றமில்லை. ஆயின், அஃது ஊகமே என்பதை அறிக்கையில் வெளிப்படக் கூறல் கடன். சிற்றலைகள் அழிந்தபின், முடிவினின்று தொடக்கத்தை மீட்டறிதல் மிக அரிது. ஆதலின் தொடக்கத்திற் செய்த பிழையை முடிவிலுள்ள அழகிய வண்ணப்படம் காட்டிக்கொடாது. பொருளின் தொடக்க நிலையைக் குறித்து எழுதும் எண் ஒவ்வொன்றும் அப்பொருளைப்பற்றி நாம் கூறும் ஒரு சான்றுரையேயாம். ஆராய்ந்தே அதனைக் கூறும் வழக்கத்தை நம் மாணாக்கர் ஆய்வுக்கூடத்திலேயே கைக்கொள்வாராக.