எத்தனை மீற்றர் உயரம் வரை?

எங்கள் அயலில் வசிக்கும் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரும் அவர் மனைவியாரும் நேபாளத்திலுள்ள முக்திநாத்துக்கு யாத்திரை செல்ல ஆயத்தமாகிறார்கள். சென்ற வாரம் ஒரு மாலைப் பொழுதில் அவர் தமது பயணக் காப்புறுதிப் பத்திரத்துடன் என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், வைத்தியச் செலவுக்கு ஒரு இலட்சம் டொலர் தருவினமாம். இனி என்ன பயம்?” என்றார்.

இலட்சம் டொலர் என்பது முதற் பக்கத்திலே கொட்டை எழுத்தில் இருந்தது. ஐந்தாம் பக்கத்திலே, பொடி எழுத்தில், வேறொரு செய்தி இருந்தது. 3,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் நேரும் நோய்க்கும் விபத்துக்கும் கம்பனி பொறுப்பேற்காது என்பதே அது. முக்திநாத்தோ 3,700 மீற்றருக்கும் மேலே இருக்கிறது!

அது பொய்ப் பத்திரமன்று. காத்மண்டுவில் வயிற்றோட்டம் கண்டாலும், பொக்காராவிற் கால் முறிந்தாலும் உதவும். ஆனால், எந்தத் தலத்தை எண்ணி அவர் அதனை வாங்கினாரோ, அங்கே அது வெறுங் கடதாசியே.

உயரத்துக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் குறைகிறது. எங்கள் பிதுருதலாகலை 2,524 மீற்றர். ஏறத்தாழ அந்த உயரத்துக்கு மேலேதான் மலைநோய் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. தலையிடி, குமட்டல், தலைச்சுற்று, உறக்கமின்மை என்பன முதற் குறிகள். முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்தாகும். இளமையும் தேகபலமும் இதற்குக் காப்பல்ல. உடனே கீழே இறங்குவதே முதன்மையான பரிகாரம். நடக்க முடியாதவரை ஹெலிகொப்டரில் இறக்க வேண்டியும் நேரலாம். அதற்குப் பல்லாயிரம் டொலர் செலவாகும்.

ஆகவே, பத்திரம் வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டியது, “எத்தனை மீற்றர் உயரம் வரை?” என்பதே. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்க விரும்பும் இளைஞருக்கு 5,364 மீற்றரும், அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் தொறொங் கணவாயைக் கடப்போருக்கு 5,416 மீற்றரும் அடங்க வேண்டும். மேலதிகக் கட்டணத்துக்கு எல்லையை உயர்த்தும் கம்பனிகளும் உள. கயிறு கட்டிச் சிகரமேறுதல் பெரும்பாலும் வேறாகவே கணிக்கப்படும்.

இரண்டாவது, ஹெலிகொப்டர் செலவு அடங்குமா, அதற்கு யாரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்பது. தேவையின்றி யாத்திரிகரை ஹெலிகொப்டரில் ஏற்றிக் கம்பனிகளிடம் பணம் பறித்த மோசடியை நேபாள அரசின் விசாரணை 2018 இல் வெளிப்படுத்தியது. எனவே முன் அனுமதியை இலேசாக எண்ணலாகாது. இரவும் பகலும் பதிலளிக்கும் தொலைபேசி இலக்கத்தைச் சட்டைப் பையிலும், துணைவரிடமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கம்பனி நேரே பணம் செலுத்துமா, நாம் கட்டிவிட்டுப் பின்னர் பெறுவதா என்பதையும் விசாரியுங்கள்.

மூன்றாவது, பழைய நோய். தபாலதிபரின் மனைவியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. விண்ணப்பத்தில் அதைக் காணோம்.

“எழுதினால் காசு கூடுமெண்டு மகன் சொன்னவன்,” என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

மறைத்து மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபா, ஆபத்துக் காலத்தில் இலட்சம் டொலரையும் விழுங்கிவிடக் கூடும் என்றேன்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும், பத்திரம் பணத்தைத் தருமேயன்றி மூச்சைத் தராது. ஆயிரம் மீற்றருக்கும் குறைந்த உயரத்திலுள்ள பொக்காராவிலிருந்து ஒரே பகலில் வாகனத்தில் முக்திநாத்தை அடையலாம். உடலோ அந்த வேகத்துக்குப் பழகாது. இடைவழியில் ஜொம்சொமில் இரண்டு இரவு தங்கி, பகலில் மேலே சென்று வணங்கி, இரவு தூங்கக் கீழே இறங்கிவிடுதல் நன்று. புறப்படுமுன் வைத்தியரையும் கலந்துகொள்ள வேண்டும்.

நேற்று அவர்கள் இருவரும் புதிய பத்திரத்துடன் வந்தார்கள். எல்லை 4,500 மீற்றர். இரத்த அழுத்தமும் எழுதப்பட்டிருந்தது. பயணத்தில் இரண்டு நாள் கூடிவிட்டதே என்று தபாலதிபர் முணுமுணுத்தார்.

“சுவாமி எங்கேயும் ஓடிப் போகமாட்டார். நாங்கள் திரும்பி வரவேணுமெல்லே?” என்றார் அம்மையார்.