உட்கார்ந்து ஜெபித்த தாவீது



வலியை மறைத்துக்கொண்டு முழங்காற்படியிடும் தாய்மார் நம் சபைகளில் உண்டு. தொடையெலும்பின் பள்ளத்திலே முழங்காற்சில்லு நேராக வழுக்கிச் செல்லும்படி தேவன் அமைத்திருக்கிறார். அது ஒருபுறம் விலகினாலோ, மேலேறி நின்றாலோ, பாரம் சிறிய இடத்தில் அழுந்தி, பின்புறக் குருத்தெலும்பு தேய்ந்து கிழியக்கூடும். மாடிப்படி ஏறுகையிலும் முழங்காலை மடக்குகையிலும் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காண்பியுங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. அது அவிசுவாசமல்ல.

தானியேல் முழங்காற்படியிட்டு ஜெபித்தான் (தானியேல் 6:10). தாவீதோ கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்தான் (2 சாமுவேல் 7:18). இருவரின் விண்ணப்பத்தையும் கர்த்தர் அங்கீகரித்தார். ஆகையால் நாற்காலியில் அமர்ந்து ஜெபிக்கும் மூத்த சகோதரியை ஒருவரும் குறைவாக எண்ணவேண்டாம். அந்த நாற்காலியை நீங்களே எடுத்துப் போடுங்கள்.

கர்த்தர் தாமே உங்களைப் பலப்படுத்துவாராக.