பதின்மூன்றையும் வென்ற அணி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தேசிய சாம்பியன் யார் என்பதை நெடுங்காலம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்குப் போட்டே முடிவு செய்தார்கள். 2003 பருவத்தில் எல்எஸ்யூ, யூஎஸ்சி அணிகள் இரண்டும் பட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 2014 பருவத்தில் ஒரு தேர்வுக்குழு தேர்ந்தெடுக்கும் நான்கு அணிகள் பட்டத்துக்கு மோதும் பிளேஆஃப் வந்தும் சச்சரவு ஓயவில்லை.

2023இல் நடந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களையும் வென்றது. தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் காயத்தால் விலகிய பிறகும், தான் ஆடும் கான்ஃபரன்ஸ் என்ற அணிக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் மூன்றாம் நிலை குவாட்டர்பேக்கை இறக்கி, தடுப்பாட்டத்தின் பலத்திலேயே லூயிவில்லை 16-6 என்று சாய்த்தது. இதற்குமேல் ஓர் அணி என்னதான் செய்ய வேண்டும்? தேர்வுக்குழுவோ, டிராவிஸ் இல்லாத அணி பழைய அணி அல்ல என்று சொல்லி அதை ஐந்தாம் இடத்தில் நிறுத்தியது. ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமா உள்ளே போனது.

பின்னர் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதைக் காட்டிக் குழு செய்தது சரி என்பவர்கள் உண்டு. மனம் உடைந்து, முக்கிய வீரர்கள் பலர் ஆடாமல் ஒதுங்கிய ஆட்டம் அது. அதை வைத்து முந்தைய வெற்றிகளை எடை போடுவது அநியாயம். ஓர் அணி இனி எப்படி ஆடும் என்ற ஊகம், அது ஏற்கெனவே ஆடி வென்றதைத் தள்ளிவிடக் கூடாது.

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். அவற்றில் ஐந்து இடங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு என்று உறுதியானது. மற்ற ஏழும் அப்போதும் குழுவின் கையில்தான் விடப்பட்டன.