வரிச் சலுகையும் அதன் பின்னால் வந்த கணக்கும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்ராறியோ மாகாண அரசு வரியிறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் 200 டொலர் பெறுமதியான காசோலையை அஞ்சலில் அனுப்பி வைத்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மேலும் 200 டொலர் வழங்கப்பட்டது. விட்பியில் உள்ள எமது இல்லத்திற்கும் அது வந்து சேர்ந்தது. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர், ஆக 800 டொலர். அதனை வேண்டாமென்று திருப்பி அனுப்பும் அளவுக்கு நாம் பெரியோர் அல்லர். வங்கியில் இட்டோம், குளிர்கால எரிவாயுக் கட்டணத்துடன் அது கரைந்து போயிற்று.

எனினும் அக்காசோலைகளுக்கு மாகாணம் செலவிட்ட தொகை ஏறத்தாழ 3 பில்லியன் டொலர். அது மிகையாக எஞ்சியிருந்த பணம் அன்று. பற்றாக்குறையில் இயங்கிய ஓர் அரசு கடன்பட்டுக் கொடுத்த பணம். 2025-26 நிதியாண்டுக்கு மாகாணம் எதிர்வு கூறிய பற்றாக்குறை 14.6 பில்லியன் டொலர். காசோலைகள் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த நாட்களில், பெப்ரவரி 27ஆம் நாள், மாகாணத் தேர்தல் நடைபெற்றது. வாசகர்கள் இவ்விரண்டையும் தாமே தொடர்புபடுத்திக் கொள்வர்.

நாம் வாழும் விட்பி நகரசபைக்கு இவ்வாறு செய்யும் உரிமை இல்லை. ஒன்ராறியோவின் நகரசபைச் சட்டப்படி ஒரு நகரம் தனது அன்றாடச் செலவுக்கான வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை வைக்க முடியாது. பனி அகற்றுவதற்கும் நூலகத்திற்கும் தீயணைப்புப் படைக்கும் ஆகும் செலவு எவ்வளவோ, அவ்வளவையும் அந்த ஆண்டின் வருவாயிலேயே காண வேண்டும். ஆகவேதான் றொஸ்லாண்ட் வீதியில் அமைந்துள்ள டூரம் பிராந்திய சபையில் சொத்துவரி அரை வீதம் ஏறினாலும் ஊர் முழுவதும் பேச்சாகிறது. வரி ஏறும்போது கொதித்தெழும் நாம், கடன் ஏறும்போது எதனையும் உணர்வதில்லை. கடனுக்கான பட்டியல் வீட்டு வாசலுக்கு வருவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

வரிச் சலுகை என்னும் பெயரில் கடன் கொடுத்து வாக்கு வாங்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் பிறந்த தீவே அதற்குச் சான்று.

2019 நவம்பர் 16இல் நடைபெற்ற சிறீலங்கா சனாதிபதித் தேர்தலில் கோத்தபாய ராஜபக்ச வெற்றி பெற்றார். பதவியேற்ற சில நாட்களுக்குள் அவரது அரசு வரிகளை வெட்டியது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்டு வந்த வரியும் கட்டாயமற்றதாக்கப்பட்டது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வணிகங்களின் ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியன் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இருபத்தைந்து மடங்கு! வருமான வரி விலக்கு எல்லை ஆண்டொன்றுக்கு 3 மில்லியன் ரூபாவானது. இவற்றுள் எதுவும் தேநீர்க்கடை வைத்திருப்பவருக்கோ கூலித் தொழிலாளிக்கோ செய்யப்பட்டதன்று. அவர்கள் வருமான வரி செலுத்தும் நிலையில் முன்னரும் இருந்ததில்லை.

அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்னரே இவ்வாக்குறுதிகளைக் கண்டித்து, இவை நடைமுறைக்கு வந்தால் நாடு வெனிசுவேலாவைப் போன்றோ கிரேக்கத்தைப் போன்றோ ஆகிவிடும் என்று எச்சரித்தார். எவரும் செவிமடுக்கவில்லை. அவர் 2021 ஓகஸ்டில் கொரோனா நோயினால் காலமானார். தமது கணிப்பு மெய்யானதைக் காண அவர் இருக்கவில்லை.

வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 வீதத்திற்கு வீழ்ந்தது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளுள் அதுவும் ஒன்று. பெருந்தொற்று வந்து உல்லாசப் பயணத்துறை முடங்கியது உண்மையே. ஆனால் பெருந்தொற்று எல்லா நாடுகளுக்கும் வந்தது. வருவாயைத் தானே அறுத்தெறிந்த பின்னர் அதனை எதிர்கொண்ட நாடுகள் பல இல்லை. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் தரத்தை இறக்கின. வெளிச்சந்தையில் புதுக்கடன் பெறும் வழி அடைபட்டது. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. 2021இல் இரசாயன உரத்திற்கு விதிக்கப்பட்ட தடை நெல் விளைச்சலையும் வீழ்த்தியது. 2019ஆம் ஆண்டு முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு நாணயக் கையிருப்பில், 2022 மே மாதம் பயன்படுத்தத்தக்கதாக எஞ்சியிருந்தது 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. தவறிய வட்டிக்கு அளிக்கப்பட்டிருந்த 30 நாட் சலுகைக் காலம் மே 18இல் முடிவுற்றது. முள்ளிவாய்க்காலில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் வெற்றி முழக்கமிட்ட அதே நாளில் அவ்வரசு வங்குரோத்தானது. அன்று எம்மவரிடையே மின்னஞ்சல்கள் பறந்தன. அவற்றில் மனநிறைவு தெரிந்தது. அந்த உணர்வை எம்மால் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. ஏனெனில் அரசு வங்குரோத்தாகும்போது பட்டினி கிடப்பது அரசு அன்று. 2022 மார்ச்சில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் கைக்குழந்தைகளுடன் படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கியவர்கள் எம்மக்களே. போர்க்காலத்தில் குண்டுக்கு அஞ்சிக் கடந்த அதே கடலை இம்முறை அரிசி விலைக்கு அஞ்சிக் கடந்தனர். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் 90 வீதத்தைத் தாண்டியது.

சிறீலங்காவின் செலவுப் பக்கத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். வரி குறைந்தது மட்டுமே நோய் என்றால் மருந்து எளிது. 2007 ஒக்ரோபரில், போர் உச்சமடைந்து கொண்டிருந்த வேளையில், சிறீலங்கா முதன்முறையாக அனைத்துலகச் சந்தையில் 500 மில்லியன் டொலருக்குப் பிணைமுறி விற்றது. வட்டி 8 வீதத்திற்கு மேல். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மற்றொன்று என்று அப்பழக்கம் வளர்ந்தது. மத்தளையில் 200 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட செலவில் 2013இல் திறக்கப்பட்ட வானூர்தி நிலையத்தில் வானூர்திகள் அரிதாகவே இறங்கின. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. இவை பலராலும் பேசப்பட்டவை.

பேசப்படாதது படையினருக்கான செலவு. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கடந்த நிலையிலும், 22 மில்லியன் மக்களைக் கொண்ட நாடு 200,000 இராணுவத்தினரை வைத்திருந்தது. 40 மில்லியன் மக்களைக் கொண்ட கனடாவின் நிரந்தரப் படையினர் 70,000 பேருக்கும் குறைவு. மருத்துவமனைகளில் மருந்தில்லாதிருந்த காலத்தில் தயாரிக்கப்பட்ட 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலும் பாதுகாப்புக்கான ஒதுக்கீடு சுகாதாரத்துக்கான ஒதுக்கீட்டை விஞ்சி நின்றது. காங்கேசன்துறையில் படையினர் நடத்தும் தல்செவன விடுதியில் தங்கி வந்த உறவினர்கள் எம்மிடையே உண்டு. கடற்காற்று நன்றாக இருந்ததாம். அவ்விடுதியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மண்ணில் மக்கள் மீளக் குடியமர்ந்து வெங்காயமும் புகையிலையும் விளைவித்திருந்தால் அரசுக்கு வருவாய் வந்திருக்கும். படை இருந்தமையால் செலவு மட்டுமே வந்தது. கணக்குத் தெரிந்த எவருக்கும் இதில் அரசியல் தேவையில்லை.

அடுத்து, கணக்கைச் சரிசெய்தவர் யார் என்ற கேள்வி எழுகிறது. 2023 மார்ச் 20இல் அனைத்துலக நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. நிதியத்திடம் சிறீலங்கா சென்றது அது பதினேழாவது முறை. 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 சனவரி முதலாம் நாள் 18 வீதமானது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் கூட அது விதிக்கப்பட்டது. விற்பனை வரியில் செல்வந்தர், வறியவர் என்ற வேறுபாடு கிடையாது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் எரிவாயு உருளை வாங்குபவரும் கிளிநொச்சியில் வாங்குபவரும் ஒரே வரியைச் செலுத்துகின்றனர்.

உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்க 2023இல் எடுக்கப்பட்ட நடவடிக்கை இதைவிடக் கொடியது. வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்கள் தம்மிடமிருந்த முறிகளைக் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்ட புதிய முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும், மறுத்தால் அவற்றின் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் எனக் கூறப்பட்டது. அந்நிதியத்தில் இருப்பது மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களதும் ஆடைத் தொழிற்சாலைகளில் தைப்பவர்களதும் முதுமைக்காலச் சேமிப்பு. 2019இன் வரி வெட்டில் ஒரு சதமும் பெறாதவர்கள் 2023இல் அதற்கான விலையைச் செலுத்தினர்.

2023 நவம்பர் 14இல் நாட்டின் உயர் நீதிமன்றம், கோத்தபாய, மகிந்த, பசில் ஆகிய ராஜபக்ச சகோதரர்களும், அஜித் நிவாட் கப்ரால் உள்ளிட்ட முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களும், திறைசேரி அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று தீர்ப்பளித்தது. பொருளாதாரத் தவறொன்றுக்கு ஆட்சியாளரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கிய தீர்ப்பு என்ற வகையில் அது அரியது. ஆயினும் அத்தீர்ப்பினால் எவரது சேமலாபக் கணக்கும் நிரம்பவில்லை.

இது மூன்றாம் உலக நாட்டின் கதை, இங்கே அப்படி நடவாது என்று எண்ணுவோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1990களின் நடுப்பகுதியில் கனடிய நடுவண் அரசின் வருவாயில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. 1995 பெப்ரவரி 27இல் நிதியமைச்சர் போல் மார்ட்டின் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் செலவுகளை ஆழமாக வெட்டியது. மாகாணங்களுக்கான நிதி குறைந்தது, நடுவண் அரசுப் பணிகள் பல்லாயிரம் குறைந்தன. 1997-98இல் நாடு மிகையைக் கண்டது. பொருளியல் நூல்கள் இதனைப் பெருஞ்சாதனையாகப் போற்றுகின்றன. சாதனை என்பதை நாமும் மறுக்கவில்லை.

ஆனால் அதே வரவு செலவுத் திட்டத்தில்தான் நிரந்தர வதிவிடம் பெறும் வயது வந்தோர் ஒவ்வொருவரும் 975 டொலர் செலுத்த வேண்டும் என்ற கட்டணம் அறிமுகமானது. அகதிகளும் அதிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை விலக்கப்படவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஒன்ராறியோ அரசு சமூகநல உதவித் தொகையை 21.6 வீதத்தால் வெட்டியது. ஸ்காபரோ மாடிக் குடியிருப்புகளில் ஓர் அறையில் நால்வராக இருந்து, இரவில் தொழிற்சாலையிலும் பகலில் உணவகத்திலும் வேலை செய்து, மனைவிக்கும் தமக்குமாக 1,950 டொலர் சேர்த்த ஒரு தலைமுறை இன்னமும் எம்மிடையே வாழ்கிறது. அவர்கள் கனடாவின் கடனை ஏற்படுத்தியவர்கள் அல்லர். அக்கடன் வளர்ந்த காலத்தில் அவர்களுள் பலர் இந்நாட்டின் பெயரைக்கூடச் சரியாக அறிந்திருக்கவில்லை.

வரவுக்குள் வாழ வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வீட்டுக்கும் அதுவே, நாட்டுக்கும் அதுவே. வள்ளுவரைத் துணைக்கழைத்து இங்கேயே இதனை முடித்துவிடலாம். ஆனால் நாம் சொல்ல வந்தது வேறு. வரவை மீறிச் செலவிட்டபோது அனுபவித்தவர் ஒருவராகவும், சிக்கனம் வரும்போது பட்டினி கிடப்பவர் வேறொருவராகவும் இருப்பதே சிறீலங்காவிலும் கனடாவிலும் நாம் கண்ட உண்மை. ஆகவே பற்றாக்குறை எத்தனை வீதம் என்ற கேள்வியுடன் நின்றுவிடுவது போதாது.

கனடா இன்று மீண்டும் அந்தப் பாதையில் கால்வைத்துள்ளது. 2025 நவம்பர் 4இல் சமர்ப்பிக்கப்பட்ட நடுவண் வரவு செலவுத் திட்டம் 2025-26க்கு 78.3 பில்லியன் டொலர் பற்றாக்குறையை எதிர்வு கூறியது. 2024-25இல் வட்டிக்குச் சென்ற தொகையே 50 பில்லியன் டொலரைத் தாண்டியது. கனடா தனது சொந்த நாணயத்தில் கடன் வாங்குகிறது, அதன் வருவாய்த் தளமும் வலுவானது. எனவே நாளையே எரிபொருளுக்கு வரிசையில் நிற்க நேரிடும் என்று அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. ஆயினும் வாக்குக் கேட்டு எமது மண்டபங்களுக்கு வந்து, பொன்னாடை பெற்று, வணக்கம் என்று தமிழில் ஒரு சொல் கூறி விடைபெறும் வேட்பாளர்களிடம், கொடுப்பதாகச் சொல்வதற்குப் பணம் எங்கிருந்து வரும், பின்னர் யாரிடம் வெட்டுவீர்கள் என்று கேட்பவர் எவரையும் நாம் கண்டதில்லை. பொன்னாடை போர்த்தும் முன்னர் அதனைக் கேட்கலாம்.

சிறீலங்கா தொடர்பாகவும் எமக்கு ஒரு பணி உண்டு. நாணய நிதியத்தின் நிறைவேற்றுச் சபையில் கனடாவுக்கு ஓர் இருக்கை உள்ளது. மீளாய்வு ஒவ்வொன்றின் போதும் வருவாய் எவ்வளவு உயர்ந்தது என்பது பேசப்படுகிறது. 2024இல் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டியதாகப் பாராட்டும் கிடைத்தது. படைகளை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பதாக 2023 சனவரியில் சிறீலங்கா அரசே அறிவித்தது. அது எந்த அளவில் நிற்கிறது என்பதை மீளாய்வில் எழுப்புமாறு எமது நாடாளுமன்ற உறுப்பினர் வாயிலாகக் கனடிய நிதியமைச்சரைக் கேட்கும் உரிமை, இந்நாட்டில் வரி செலுத்தும் எவருக்கும் உண்டு. சிறீலங்கா நிதியமைச்சின் வரவு செலவு மதிப்பீடுகள் ஆண்டுதோறும் தமிழிலும் வெளியாகின்றன. கடிதம் எழுத முனைவோர் முதலில் பாதுகாப்பு அமைச்சின் தலைப்பையும் அடுத்து சுகாதார அமைச்சின் தலைப்பையும் திறந்து, இரு தொகைகளையும் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுவது நன்று.